பெயர் போடாத மஞ்சள்

பல்லில் எவரும் கையெழுத்துப் போடுவதில்லை. பிறந்த வீட்டின் மீது அவள் தொடுத்திருந்த ஒரே வழக்கு அதுதான்.

கட்டச் சொன்னவன் கல்வெட்டில் நிற்கிறான். பாடச் சொன்னவன் பாட்டில் நிற்கிறான். படம் வரைந்தவனாவது படத்தின் மூலையில் பூச்சிபோல் ஒட்டிக்கொண்டிருக்கிறான். ஆனால், வாயைப் பொத்திக்கொண்டே பேசப் பழகிவிட்ட ஒரு முகத்துக்குச் சிரிப்பைத் திருப்பித் தந்த கை யாருடையது என்று கேளுங்கள், சிரிக்கிறவருக்கே தெரியாது. டாக்டர் பெயர் தெரியும். அவர் உட்கார வைத்த நாற்காலியின் நிறம்கூட நினைவிருக்கும். எங்கோ ஒரு அறையில் குனிந்து உட்கார்ந்து, மெழுகைச் செதுக்கி, மாதிரிப் பற்களை வரிசையாய் வைத்து நிறத்துக்கு நிறம் பார்த்து, பக்கத்துப் பல்லே ஏமாறும்படி ஒரு பல்லைச் செய்தவளின் பெயர் எந்தச் சீட்டிலும் இராது.

அப்படிச் செய்தவள் அவளுடைய அம்மா. வீட்டின் முன்னறைதான் அம்மாவின் பல் லேப். டாக்டர்கள் அச்சும் சீட்டும் அனுப்புவார்கள். அம்மா பல்செட் செய்வாள். அப்பா அதைப் பஞ்சில் பொதிந்து ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பார். பள்ளி முடித்த நாளிலிருந்து மகளும் அம்மாவுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்துவிட்டாள். ஊர் வாயையெல்லாம் ஒழுங்குபடுத்திய அந்த வீட்டில், அவளுடைய மேல்வரிசையில் மட்டும் ஒரு பல் வரிசையை மதிக்காமல் முன்னால் எட்டிப் பார்த்தது. கம்பி போட்டு உள்ளே இழுக்கலாம் என்று அம்மா சொன்னபோதெல்லாம் அவள் மறுத்தாள். ஆகவே வீட்டில் அவள் பெயர் தெத்து. பள்ளிப் பதிவில் வேறு பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அந்த வீட்டுக்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. பல் வேலையில் வலது என்றால் வேலை செய்பவரின் வலது அல்ல. எதிரே வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பவரின் வலது. 'மேல் வலது கோரைப்பல்' என்று சீட்டு வந்தால், அது அம்மாவின் இடக்கைப் பக்கம் இருக்கும் பல். காலமெல்லாம் இப்படியே வேலை பார்த்ததில், வலதும் இடதும் அந்த வீட்டில் ஒன்றுக்கொன்று இடம் மாற்றிக் குடியேறிவிட்டன. 'வலப்பக்க ஸ்விட்சைப் போடுங்க' என்றால் விருந்தாளி விளக்கைப் போடுவார். வீட்டார் மின்விசிறியைப் போடுவார்கள். தெருவில் வண்டி ஓட்டிப் பிழைக்க வேண்டியிருந்த அப்பா மட்டும் இரண்டு வலதையும் கைவசம் வைத்திருந்தார். யார் வழி சொன்னாலும் முதலில் ஒரு கேள்வி கேட்பார்: "வீட்டு வலதா, ரோட்டு வலதா?"

இந்தத் தெத்துவுக்கு, கலையையும் வடிவமைப்பையும் தொழிலுக்காகவே கற்றுத்தரும் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. நுழைவுத் தேர்வில் அவள் கலந்த நிறங்களைப் பார்த்து அவர்களே கூப்பிட்டுச் சொன்ன இடம். ஆனால் அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் இருந்தது. இடம் கொடுத்தபின் எல்லோரையும் ஒரு நாள் முழுக்க வரவழைத்து வேலை வாங்குவார்கள். மாலையில் ஒவ்வொருவரும் எழுந்து நின்று, 'பொருந்தும்' அல்லது 'பொருந்தாது' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காரணமும் சொல்ல வேண்டும். பொருந்தாது என்றவருக்கும் அதே கைதட்டல். அவர் இடம் அடுத்தவருக்குப் போகும். மாணவனைக் கல்லூரி தேர்ந்தெடுப்பதைத்தான் உலகம் கண்டிருக்கிறது. கல்லூரியை மாணவன் தேர்ந்தெடுக்கட்டும் என்று கதவைத் திறந்து வைத்து, வெளியே போகும் வழியையும் மரியாதையோடு காட்டுகிற இடங்கள் குறைவு.

அம்மா மறுக்கவில்லை. பெண் படித்து என்னவாகப் போகிறது என்று கேட்கும் கூட்டத்தைச் சேர்ந்தவள் அல்ல அவள். அப்படிக் கேட்டவர்களுக்குப் பல்செட் கொஞ்சம் இறுக்கமாகவே செய்து அனுப்புவாள் என்று அப்பா சொல்வதுண்டு. அவளுடைய கேள்வி வேறு.

"படம்தான் வேணும்னா படம் சொல்லித் தர்ற இடத்துக்குப் போ. வேலைதான் வேணும்னா அது இங்கயே கிடக்கு. ரெண்டுக்கும் நடுவுல அது என்னடி காலேஜ்?"

"அங்க நான் செய்யுறதை நாலு பேர் பார்ப்பாங்கம்மா. இங்க யாரு பார்க்குறா?"

"பார்த்துட்டா நாம செஞ்சது தப்புன்னு அர்த்தம். பல்லுன்னு தெரிஞ்சா அது பல்செட்டு. தெரியலன்னாத்தான் பல்லு."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஆயுசு முழுக்க தெரியாமலே இருக்கணுமா?"

அம்மா மெழுகுக் கத்தியைத் துடைத்து வைத்தாள். "சரி. போய்ப் பார்த்துட்டு வா. கையில இருக்கிற செட்டை முடிச்சுட்டு சாயங்காலம் நானே வர்றேன். என்ன முடிவுன்னு உன் வாயாலயே கேட்டுக்கிறேன். பொருந்தாதுன்னா, திரும்புற வழியில ரெண்டு பேருக்குமா சேர்த்து மெழுகு வாங்கிட்டு வந்துடலாம்."

"நான் யார் பக்கம்னு யாருமே கேக்கலையே" என்றார் அப்பா.

"நீங்க வண்டிப் பக்கம்" என்றாள் அம்மா.

*

பழைய கிடங்கு ஒன்றைக் கல்லூரியாக்கியிருந்தார்கள். உயர்ந்த சுவர்கள், பெரிய சன்னல்கள், அச்சு மையின் வாடை. தெத்துவை வண்டியில் கொண்டுவந்த அப்பாவோடு மற்ற வீட்டாரையும் கீழ்க்கூடத்தில் உட்கார வைத்து, வந்த பிள்ளைகளைப் பட்டறைக்குள் அழைத்துப் போனார்கள். அங்கே காத்திருந்த ஆசிரியைக்குக் காதின் மேல் ஒரு பென்சில், முகத்தில் சிரிப்பில்லை, கண்ணில் இருந்தது. வரைந்ததையெல்லாம் அழிக்கச் சொல்வாராம். அதனால் பழைய மாணவர்கள் அவருக்கு அழிரப்பர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவரும் அந்தப் பெயரைத் தம் தேநீர்க் கோப்பையில் எழுதி வைத்திருந்தார்.

மேசையில் அவர் சில பொருள்களைப் பரப்பினார். ஒரு மருந்துப் புட்டியின் மூடி. ஒரு லிஃப்ட் பொத்தான். கத்தரிக்கோல் ஒன்று. கிழிக்க வேண்டிய இடத்தில் சின்ன வெட்டு வைத்த பால் பாக்கெட்.

"இதுல எல்லாம் செஞ்சவங்க பேரு எங்க இருக்குன்னு தேடுங்க."

எல்லோரும் புரட்டினார்கள். தெத்துவுக்குப் பக்கத்தில், தலைமுடியை உச்சியில் முடிந்திருந்த நெட்டையன் ஒருவன் மருந்து மூடியை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான். வந்த அரை மணிக்குள் அவனுக்குக் கொண்டை என்று பெயர் விழுந்திருந்தது.

"கம்பெனி பேருதான் இருக்கு மேடம்."

"செஞ்சவங்க பேரு?"

"இல்ல."

"இருக்காது. இதெல்லாம் இங்க படிச்சவங்க செஞ்சது. அந்த மூடியைக் கை நடுங்குறவங்க திறக்கலாம்; குழந்தை திறக்க முடியாது. அதைச் செய்ய ஒரு பொண்ணு ராத்தூக்கம் இல்லாம அலைஞ்சா. அவ யாருன்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. இது பிடிக்கலன்னா இப்பவே சொல்லிட்டுக் கிளம்பலாம். டீ மட்டும் குடிச்சிட்டுப் போங்க, ஆறிடும்."

தெத்து கையிலிருந்த பால் பாக்கெட்டை மேசையில் வைத்தாள். பல்லிலிருந்து தப்பித்து, அப்பாவின் ஸ்கூட்டரில் ஏறி, ஊரின் மறுகோடிவரை ஓடி வந்து, நேராகப் பல்லிலேயே வந்து விழுந்திருக்கிறாள். அம்மா சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். பெயரில்லாத வேலை வீட்டிலேயே கிடக்க, இவ்வளவு தூரம் எதற்கு?

"கிளம்பிடலாமா?" என்று கொண்டை காதோடு கேட்டான். "டீ நல்லாத்தான் இருக்கு."

"எங்க அம்மாகிட்ட என்ன சொல்றது? டீ குடிச்சிட்டு வந்தேன்னா?"

இருவரும் இருந்துவிட்டார்கள்.

அன்றைய வேலையை அழிரப்பர் சொன்னார். பிற்பகலில் மணி அடிக்கும். கீழ்க்கூடத்தில் இருக்கும் வீட்டாரை மாடியிலுள்ள விரிவுரைக் கூடத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். முதல்வர் அங்கே வரவேற்றுப் பேசுவார். ஆனால் யாரும் வாய் திறக்கக் கூடாது. கை காட்டக் கூடாது. ஒட்டும் காகிதத்தையும் சாயத்தையும் வைத்துக்கொண்டு கட்டடத்தையே வழி சொல்ல வைக்க வேண்டும். எழுத்தும் கூடாது.

"எழுத்து ஏன் கூடாது மேடம்?" என்று ஒருவன் கேட்டான்.

"எழுத்துத் தெரியாதவங்களும்தான் கட்டடத்துக்குள்ள வர்றாங்க. அவங்க மட்டும் தொலைஞ்சு போகணுமா?"

அந்தப் பதில் தெத்துவுக்குச் சுருக்கென்று தைத்தது. எத்தனை வாசல்கள், எத்தனை அலுவலகங்கள், எத்தனை மருத்துவமனைகள்! படித்தவனுக்குப் பலகை, படிக்காதவனுக்குப் பாராமுகம். வழி கேட்பவன் வாசலிலேயே கூனிக் குறுக, வழி தெரிந்தவன் நிமிர்ந்து நடக்கிறான். ஒரு கோடு சரியாகப் போட்டால் அந்தக் கூனல் நிமிருமென்றால், அந்தக் கோடு கலை அல்லாமல் வேறென்ன?

நினைப்பு அவளுக்கே புதிதாக இருந்தது. உடனே அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பழைய நினைப்பும் வந்தது: சரி, அந்தக் கோட்டில் என் பெயர்?

கீழ்க்கூடத்தின் வாயிற்சுவர் கொண்டைக்குக் கிடைத்தது. படிக்கட்டு தெத்துவுக்கு. "படி ஏறினதும் வலப்பக்கக் கதவு" என்று சொல்லிவிட்டு அழிரப்பர் போய்விட்டார்.

அவள் முதலில் ஒன்றும் செய்யவில்லை. படியோரம் நின்று, ஏறுகிறவர்களைப் பார்த்தாள். சுவரை யாரும் பார்க்கவில்லை. கூரையை யாரும் பார்க்கவில்லை. அடுத்த படியின் நெற்றியைப் பார்த்தார்கள். கால் வைப்பதற்குமுன் கண் வைக்கும் இடம் அதுதான். பேசும்போது கீழ்வரிசை தெரியும், சிரிக்கும்போது மேல்வரிசை தெரியும் என்று அம்மாவின் மேசையில் கற்ற கண் அது. கண் எங்கே விழும் என்பதைத்தான் முதலில் தேடும்.

பிறகு நிறம். காகிதக் கட்டில் மஞ்சளிலேயே பல மஞ்சள்கள் இருந்தன. எலுமிச்சையாய்ப் பளிச்சிட்டது கடை விளம்பரம்போல் கத்தியது. கத்தினால் கால் ஒதுங்கும். வெளிறியது சாம்பல்நிறப் படியோடு கலந்து முணுமுணுத்தது. முணுமுணுத்தால் கண் கேட்காது. இரண்டுக்கும் நடுவே, யாரோ பக்கத்தில் வந்து மெல்லத் தோளைத் தொடுவது போன்ற மஞ்சள் ஒன்றை எடுத்தாள். முதல் படியின் நெற்றியில் நடுவிலே ஒரு பட்டை. அடுத்த படியில் விரலளவு தள்ளி. அதற்கடுத்ததில் இன்னும் தள்ளி. மேலே ஏற ஏறப் பட்டைகள் ஒரு பக்கமாய் நகர்ந்தன. ஏறுகிறவரின் தலை யோசிப்பதற்குள் கால் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். உச்சியில் கடைசிப் பட்டை வளைந்து தரையோடு ஓடிக் கதவின் அடியில் நுழைந்தது.

எந்தக் கதவு? இரண்டு பக்கமும் ஒரே பச்சை, ஒரே பிடி, இரண்டும் மூடியிருந்தன. ஆனால் அவளுக்கு ஐயமே வரவில்லை. கட்டடம் அவளைப் பார்த்து ஆவென்று வாயைத் திறந்து நின்றது. படிக்கட்டு அதன் நாக்கு. எதிரே வாயைத் திறந்திருப்பவரின் வலது எதுவென்று அந்த வீட்டுப் பிள்ளைக்கா தெரியாது?

*

மணி அடித்தது. கூடத்திலிருந்து வீட்டார் எழுந்தார்கள்; எழுந்தவர்கள் வாயிற்சுவர் முன்னால் வந்து நின்றார்கள்; நின்றவர்கள் நின்றார்கள்.

கொண்டை அங்கே ஒரு பெண்ணை வரைந்திருந்தான். சுவர் உயரத்துக்குப் பெண். கூந்தல் காற்றில் பறக்க, ஒரு கையை மாடியின் பக்கம் நீட்டி நின்றாள். அந்தக் கையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எல்லோரும் பார்த்தார்கள். போனை எடுத்தார்கள். குடும்பம் குடும்பமாய் அருகில் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். தெத்துவின் அப்பா, நீட்டிய கையின் கீழே, அது தம் தலையில் கை வைத்து வாழ்த்துவதுபோல் குனிந்து நின்று படம் எடுத்துக்கொண்டார். மாடிக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் ஒருவருக்கும் எழவில்லை. சுவரோரம் நின்ற கொண்டையின் முகம் விளக்குப் போட்டது போலிருந்தது.

கடைசியில் குழந்தை ஒன்று அழுதது. அதைத் தூக்கிய தாய் காற்றுக்காகப் படியேறினாள். அவளைப் பார்த்து இன்னொருவர். அவரைப் பார்த்துக் கூட்டம்.

மாடித் தூணின் மறைவில் நின்று தெத்து பார்த்துக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே ஏறினார்கள். சிரித்துக்கொண்டே ஏறினார்கள். ஒருவர் போனில் யாரையோ திட்டிக்கொண்டே ஏறினார். ஒருவரும் மஞ்சளைப் பார்க்கவில்லை. ஆனால் படிக்குப் படி, பட்டை நகர்ந்த பக்கம் அவர்கள் நகர்ந்தார்கள்; திட்டியவர் திட்டை நிறுத்தாமல் நகர்ந்தார்; அழுத குழந்தை தோளில் சாய்ந்தபடி நகர்ந்தது. ஆறு திரும்புவதுபோல் அவ்வளவு பேரும் உச்சியில் ஒன்றாய்த் திரும்பினார்கள். அப்பா அவளைக் கையெட்டும் தூரத்தில் கடந்து போனார். அவளையும் பார்க்கவில்லை, பட்டையையும் பார்க்கவில்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கைதட்டல் இல்லை, பெயர் இல்லை, ஒரு கண்கூடத் தன் மேல் இல்லை. ஆயினும் இவ்வளவு பேரின் கால்களும் தன் உள்ளங்கையில் இருப்பதுபோல் ஒரு களிப்பு. இதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது எதிர்ப்பக்கக் கதவு திறந்தது. அழிரப்பர் தலையை நீட்டினார். அவருக்குப் பின்னால் காலியான நாற்காலிகள் வரிசை வரிசையாய் மின்னின.

"எங்க எல்லாரும்?"

தெத்து பேசவில்லை. பேசக் கூடாது என்பது விதி. கையும் காட்டவில்லை. விழியை மட்டும் உருட்டினாள்.

"இப்பப் பேசலாம்" என்றார் அழிரப்பர்.

பேச வேண்டியிருக்கவில்லை. கூட்டம் நுழைந்த அறையிலிருந்து ஒரு குரல் முழங்கியது.

அது பழைய சாமான் அறை. மூக்குடைந்த பிளாஸ்டர்த் தலைகளை வரிசையாய் அடுக்கி, செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு, முதல்வர் தம் வரவேற்புரையை அந்தத் தலைகளுக்கு ஒப்பித்துப் பழகிக்கொண்டிருந்தார். 'அன்புள்ள பெற்றோர்களே' என்று கையை உயர்த்திய கணத்தில் கதவு திறந்து அன்புள்ள பெற்றோர்கள் உள்ளே வந்தார்கள். சாயப் பெட்டிகள் மேலும் உடைந்த ஏணி மேலும் உட்கார்ந்தார்கள். உயர்த்திய கையை இறக்கும் மனிதரல்ல அவர். வெறுங்காலோடு தொடர்ந்து முழங்கினார். உட்கார இடமில்லாத அப்பா, ஒரு பிளாஸ்டர்த் தலையை மடியில் வைத்துக்கொண்டு முதல் கைதட்டலைத் தொடங்கி வைத்தார்.

*

மாலையில் எல்லோரும் சரியான கூடத்தில் கூடினார்கள். ஒவ்வொரு வேலையையும் அலசுவது அடுத்த வழக்கம்.

"எது பிடிச்சுது?" என்று வீட்டாரைக் கேட்டார் அழிரப்பர்.

"அந்தப் பொண்ணு படம்" என்று கூடமே சொன்னது.

"படியில இருந்த மஞ்சள்?"

"எந்த மஞ்சள்?" என்றார் ஒருவர். தெத்து அப்பாவைப் பார்த்தாள். "படியில மஞ்சளா இருந்துச்சா?" என்று அவர் பக்கத்தில் இருந்தவரை விசாரித்துக்கொண்டிருந்தார். பெற்ற தகப்பனே இப்படியென்றால் ஊரை என்ன சொல்வது?

"சரி, எல்லாரும் எப்படி அந்தச் சாமான் அறைக்குப் போனீங்க?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாதான் எழுந்தார். "கால் போச்சுங்க. கூடவே நாங்களும் போனோம்."

சிரிப்பு அடங்கியதும் அழிரப்பர் தெத்துவின் பக்கம் திரும்பினார். "வலப்பக்கம்னு சொன்னேனே."

அவள் பல் வேலையின் வலதைப் பற்றிச் சொன்னாள். கட்டடம் வாயைத் திறந்து நின்றதையும் சொன்னாள்.

"அடடா, வீட்டு வலதைப் போட்டுட்டியா" என்றார் அப்பா. கூடம் மறுபடி சிரித்தது. அழிரப்பர் சிரிக்கவில்லை, காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"கட்டடத்துக்கு வாய் இருக்கா?"

"இல்ல மேடம்." பதில் சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. "ஏறுறவங்களுக்குத்தான் கால் இருக்கு. அவங்க வலதைப் பார்த்திருக்கணும். ஆளை விட்டுட்டுக் கட்டடத்தைப் பார்த்துட்டேன்."

"ம். இன்னொண்ணும் சொல்லிடுறேன். நீ சரியா ஒட்டியிருந்தா இன்னைக்கு அதைப் பத்தி ஒருத்தர்கூடப் பேசியிருக்க மாட்டோம். தப்பா ஒட்டினதாலதான் இவ்வளவு பேச்சு. இந்த வேலையில பேரு வர்றது அப்படித்தான். அதையும் மனசுல வெச்சுக்கிட்டு முடிவைச் சொல்லு."

இதைவிடக் கசப்பான உண்மையை எந்தக் கல்லூரியாவது வாசலிலேயே சொல்லுமா?

முதலில் கொண்டை எழுந்தான். "பொருந்தாது மேடம்" என்றான், முகமெல்லாம் மலர. "அவங்க நகர்ந்து போகணும்னு நீங்க கேக்குறீங்க. எனக்கு அவங்க அங்கயே நிக்கணும். ஓவியம் மட்டும் சொல்லித் தர்ற இடத்துலயும் எனக்கு இடம் கிடைச்சிருக்கு. காலையில குழப்பமா இருந்துச்சு, இப்ப இல்ல."

கூடம் எழுந்து கைதட்டியது. எல்லோரையும்விட உரக்கத் தட்டியவர் அழிரப்பர்.

தெத்துவின் முறை. எழுந்தாள். வாய்க்குள் இரண்டு சொல்லும் இருந்தன. எது முன்னால் வரும் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அதைச் சரி பண்ணிட்டு வந்து சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

அழிரப்பர் தலையசைத்தார். அவள் படிக்கட்டுக்கு ஓடினாள். கொண்டையும் கூடவே வந்து பட்டைகளை உரித்துக் கொடுத்தான். இந்தத் தடவை அவள் கீழே போய் நின்று, முகத்தை மாடிக்குத் திருப்பி, ஏறுகிறவராகத் தன்னை வைத்துக்கொண்டாள். தன் வலக்கையைத் தானே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பட்டைகள் மறுபக்கம் நகர்ந்தன. கடைசிப் பட்டையை ஒட்டி முடிக்கும்போது போன் அடித்தது.

"எங்கடி இருக்கீங்க? வாசலுக்கு வந்துட்டேன்."

தெத்து வாயைத் திறந்தாள், மூடினாள், பிறகு வேண்டுமென்றே சொன்னாள். "படி ஏறினதும் வலப்பக்கம்மா. வந்துடு."

கொண்டையை இழுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஒளிந்தாள். போன் பேச்சு காதில் விழ, கூடத்துக் கதவிடுக்கில் அழிரப்பரும், அவர் தோளுக்கு மேல் அப்பாவும் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னங்க நடக்குது?" என்று அப்பா கிசுகிசுத்தார்.

"வர்றவங்களுக்கு எந்த வலது?" என்று அழிரப்பர் கேட்டார்.

"அவளுக்கு ஒரே வலதுதாங்க. வீட்டு வலது. அதோ, சாமான் அறைக்குத்தான் போவா. பந்தயம் கட்டுவேன்."

அம்மா வந்தாள். தோளில் பை, நகக்கண்ணில் மெழுகு, நாள் முழுக்கக் குனிந்திருந்த கழுத்தை ஒரு கையால் பிடித்து விட்டுக்கொண்டே ஏறினாள். கொண்டு சேர்க்க வேண்டிய செட்டைப் பற்றி எண்ணமோ, மகள் சொல்லப்போகும் சொல்லைப் பற்றி எண்ணமோ, எங்கோ இருந்தது மனம். கண் படியின் நெற்றியில் இருந்தது. ஒரு படி. அடுத்த படி. விரலளவு நகர்ந்தாள். இன்னும் நகர்ந்தாள். பிறந்த குழந்தைக்குப் பால் கொடுத்த பக்கத்தைக்கூட மாற்றிச் சொல்கிற அந்தப் பெண்மணி, உச்சிக்கு வந்து, ஒரு நொடியும் நிற்காமல், ரோட்டு வலதில் திரும்பி நேராகக் கூடத்துக்குள் நுழைந்தாள்.

நுழைந்ததும் நின்றாள். ஒரு கூடம் நிறைய ஆட்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னை ஏன் எல்லாரும் இப்படிப் பார்க்கிறாங்க?" என்று கணவரைக் கேட்டாள்.

"நீ எந்த வலதுல வந்தே?"

அம்மா யோசித்தாள். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். இடக்கையைப் பார்த்தாள், வலக்கையைப் பார்த்தாள். "தெரியலையே. வந்துட்டேன்."

தூணிலிருந்து வெளிப்பட்ட மகளின் முகத்தில் தெத்துப்பல் முழுசாய்த் தெரிந்தது. தன் இடத்துக்குப் போய் எழுந்து நிற்கவில்லை, அவைக்கு வணக்கம் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"பொருந்தும் மேடம்."

"காரணம்?"

"எங்க அம்மா வந்துட்டாங்க."

கைதட்டல் எழுந்தது. என்ன நடந்ததென்று தெரியாமல் அம்மாவும் தட்டினாள். பிறகு அப்பா விளக்கினார்; தேவைக்குமேல் விளக்கினார்; சாமான் அறையில் தாம் ஒரு தலையை மடியில் வைத்திருந்ததையும் சேர்த்து விளக்கினார். அம்மா முழுதும் கேட்காமல் படிக்கட்டுக்கு நடந்தாள். மேல்படியில் உட்கார்ந்து, குனிந்து, ஒரு பட்டையைக் கட்டைவிரலால் நீவி, சன்னல் வெளிச்சத்தில் முகத்தைச் சாய்த்து, ஒரு பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அரை ஷேடு தூக்கலா இருக்கு" என்றாள் அம்மா.

"சாயங்கால வெளிச்சம்மா. மதியத்துல சரியா இருந்துச்சு."

"அப்ப ரெண்டு வெளிச்சத்துலயும் பார்த்திருக்கணும்." இன்னும் கீழே குனிந்து, பட்டையின் ஓரத்தைத் தேடினாள். "பேரு எங்கடி? போடலையா?"

"பல்லுல போடுவாங்களா?"

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மகளின் தோளைப் பிடித்து எழுந்தாள்.

"சரி, கிளம்பு. கடை மூடிடுவான்" என்றாள். "மெழுகு எனக்கு மட்டும் வாங்கினாப் போதும்."